இடமிருந்து வலமாக: எங்கள் வாரப் பத்திரிகையின் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாக இயக்குநர் அவர்களுக்கும் ஆசிரியர் குழுவினருக்கும்,

கடந்த 3-ஆம் தேதி மாலை நீங்கள் அனுப்பிய மின்னஞ்சலில் மூன்று விஷயங்கள் இருந்தன. இந்த மாத முடிவோடு நம் பத்திரிகையில் ஒளிப்படக்காரர் என்ற வேலை கிடையாது. இனிமேல் வாசகர்களே கைபேசியில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள், அதையே போடுவோம். மூன்றாவது, கடைசியில் ஒரே ஒரு வரி: கீழ்த்தளத்தில் கிடக்கும் பழைய சாமான்கள் அப்புறப்படுத்தப்படும், வேண்டியவர்கள் அதற்குள் எடுத்துக்கொள்ளலாம்.

என் வேலை போவதைப் பற்றி இங்கே அழப்போவதில்லை. எனக்கு ஐம்பத்தெட்டு வயது. கொஞ்சம் முன்னே பின்னே வீட்டுக்குப் போகவேண்டியவன்தான். ஆனால் அந்த மூன்றாவது வரியை எழுதியவர் யாராக இருந்தாலும், அவர் கீழ்த்தளத்துக்கு ஒருநாளும் இறங்கிப் போனதில்லை. எனக்கு நிச்சயமாகத் தெரியும். அந்த அறையின் சாவி பதினாறு வருடமாக என் இடுப்பில்தான் தொங்குகிறது.

இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஆங்கிலத்தில் இரண்டு கடிதம் போட்டேன். முதலாவதற்கு, என் கருத்தைப் பதிவு செய்துகொண்டதாகப் பதில் வந்தது. இரண்டாவதற்கு அதுவும் வரவில்லை. சரி, ஆயா மடியிலும் சனிக்கிழமைப் பாடசாலையிலும் கற்ற தமிழில் எழுதிப் பார்ப்போம் என்று தோன்றியது. உங்களில் தமிழ் தெரியாதவர்கள் படித்துச் சொல்ல ஓர் ஆளைப் பிடியுங்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், இந்தியர் பெருவாரியாக வாழும் இந்தச் சாட்ஸ்வொர்த்தில் தேடினால் கிடைப்பார்கள். வந்த கடிதத்தைப் படித்துக் காட்டச் சொல்லி யாரையாவது தேடி அலைந்த அனுபவம் எங்கள் முன்னோருக்கு நிறைய உண்டு. ஒரு தடவை நீங்களும் அலையுங்கள்.

என் வேலையை நீங்கள் "படங்களைச் சேகரிக்கும் பணி" என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் சென்ற மாதத்தில் ஒரு வாரத்தை என் டைரியிலிருந்து அப்படியே தருகிறேன். திங்கள்: சாட்ஸ்வொர்த்தின் யூனிட் 7 பகுதியில் நான்காவது நாளாகத் தண்ணீர் இல்லை, தண்ணீர் லாரி பின்னால் வாளியோடு நிற்கும் பெண்கள். செவ்வாய்: நூறாவது பிறந்தநாள் கொண்டாடும் ஒரு பாட்டி, கேக் வெட்டச் சொன்னால் கத்தியை வாங்கித் தன் கொள்ளுப்பேத்தியிடம் கொடுத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார், தூங்குவதைத்தான் எடுத்தேன். புதன்: முதியோர் இல்லத்துக்கு நன்கொடை, காசோலை கைமாறும் படம். வியாழன்: ஹிக்கின்சன் நெடுஞ்சாலையில் விபத்து. வெள்ளி: எங்கள் ஊர்ப் பங்களாதேஷ் மார்க்கெட்டில் பச்சை மிளகாய் விலை. சனி: காலையில் பதின்மூன்று வயதுக்குட்பட்டோர் கால்பந்து, மதியம் ஐம்பதாவது கல்யாண நாள், மாலை கோவிலில் விளக்கு பூஜை. ஞாயிறு: ரத்ததான முகாம். எல்லாவற்றுக்கும் என் சொந்தக் காரில்தான் போனேன். பெட்ரோல் காசு இன்னும் வரவில்லை, அது வேறு கதை.

அந்தக் காசோலைப் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மேசை அகலத்துக்கு ஓர் அட்டை, இரண்டு பக்கமும் இரண்டு பேர், நடுவில் கைகுலுக்கல், எல்லோர் வாயிலும் ஒரே சிரிப்பு. முப்பது வருடத்தில் எத்தனை எடுத்திருப்பேன் என்று கணக்கில்லை. கனவில்கூட அந்த அட்டை வந்திருக்கிறது. இதற்கா கேமரா பிடித்தோம் என்று நானே பலமுறை சலித்துக்கொண்டிருக்கிறேன். அதனால் எல்லாப் படமும் பொக்கிஷம் என்று நான் சொல்ல வரவில்லை. முக்கால்வாசி சாதாரணப் படங்கள்தான். ஆனால் அந்த அட்டைக்குப் பின்னால் நின்ற முதியோர் இல்லத்துச் சமையல்காரம்மா, வாழ்க்கையில் பத்திரிகையில் வந்தது அந்த ஒரு தடவைதான். அவர் பெயரும் படக்குறிப்பில் இருக்கிறது. இருக்கவேண்டும் என்று சண்டை போட்டவன் நான்.

பெயர் என்றதும் உங்களுக்கு அலுப்பாக இருக்கும். எனக்கு அது அப்படி இல்லை.

1860 நவம்பர் 16-ஆம் தேதி, சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. அன்றிலிருந்து 1911 வரை 1,52,000-க்கும் மேற்பட்டவர்கள் கரும்புத் தோட்டங்களுக்கும் மற்ற வேலைகளுக்கும் ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கினார்கள். பாதிக்கு மேல் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். பதிவேட்டில் பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஊர், உயரம், உடம்பில் உள்ள அடையாளம். எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதினார். கவுண்டர் கோவெண்டர் ஆனார். முதலி மூட்லி ஆனார். என் கொள்ளுத்தாத்தா முனியசாமி, முன்சாமி ஆகி, அந்தத் தப்பே எங்கள் குடும்பப் பெயராகி, இன்று என் பேரனின் பள்ளிப் பையிலும் ஒட்டியிருக்கிறது. அந்தப் பெயரை நாங்கள் மாற்றப்போவதில்லை, அது எங்களோடு பழகிவிட்டது. ஆனால் இன்னொரு தடவை எங்கள் பெயரை யாரும் கேட்காமல் எழுதக்கூடாது.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் கிரே தெருவில் ஒரு கல்யாண ஸ்டூடியோ வைத்திருந்தார். அங்கே இருட்டறையில் படம் கழுவும் ஹைப்போ ரசாயனம் கலக்கக் கற்றுக்கொள்வதற்கு முன் நான் கற்றது நோட்டைப் பிடிப்பது. படம் எடுத்ததும் நகரக்கூடாது. நிற்கிறவர்களை இடமிருந்து வலமாக ஒவ்வொருவராகப் பெயர் கேட்டு எழுதவேண்டும். எழுத்துக் கூட்டித் தெரியாவிட்டால் நோட்டை அவர்கள் கையிலேயே கொடுத்து எழுதச் சொல்லவேண்டும். எழுதத் தெரியாத பாட்டி என்றால் பேத்தியைக் கூப்பிடவேண்டும். "படம் தப்பா வந்தா நாளைக்குத் திரும்ப எடுக்கலாம். பேரு தப்பா வந்தா அவங்க சாகுற வரைக்கும் மறக்கமாட்டாங்கடா" என்பார். நம் பத்திரிகையில் சேர்ந்த முதல் மாதமே ஒரு ரெட்டியாரை நாயுடு என்று போட்டுவிட்டு, அவர் வீட்டுத் திண்ணையில் நின்று மன்னிப்புக் கேட்டவன் நான். அதோடு அந்தப் பாடம் முடிந்தது.

நீங்கள் பழைய சாமான் என்று சொன்னது இதைத்தான். ஒன்பது இரும்பு அலமாரிகள். உள்ளே எனக்கு முன்னால் இருந்த இருவரும் நானும் எடுத்த நெகட்டிவ்கள், 1980-களின் தொடக்கத்திலிருந்து 2004 வரை. முப்பத்தாறு படச் சுருளை ஆறு ஆறாக வெட்டி, ஆறு துண்டாக ஓர் உறை. உறையின் மேல் தேதி, இடம், நிகழ்ச்சி. உள்ளே மடித்து வைத்த நோட்டுத் தாளில் பெயர்கள், இடமிருந்து வலமாக. அந்தத் தாள் போனால் அது வெறும் பிலிம். தாளும் பிலிமும் சேர்ந்து இருக்கும்வரை சாட்ஸ்வொர்த்தின் இருபது வருடம் அங்கே இருக்கிறது.

சாட்ஸ்வொர்த்துக்கு இது ஏன் பெரிய விஷயம் என்று ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வந்த உங்களில் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். எங்களை யாரும் இங்கே விரும்பி வரச் சொல்லிக் கேட்கவில்லை. இன்ன இனத்தார் இன்ன இடத்தில்தான் குடியிருக்கலாம் என்று 1950-இல் வந்த குழுப் பகுதிச் சட்டத்தை வைத்துக்கொண்டு, 1960-களில் டர்பனின் பழைய குடியிருப்புகளான மேகசின் பேரக்ஸிலிருந்தும் கேட்டோ மேனரிலிருந்தும் குடும்பம் குடும்பமாகக் கிளப்பி லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். எங்கள் வீட்டில் அம்மிக்கல் வந்தது, சாமி படம் வந்தது, அப்பாவின் ஒரே கல்யாணப் படம் வழியில் எங்கேயோ போய்விட்டது. என் அம்மா கல்யாணப் பெண்ணாக எப்படி இருந்தார் என்று நான் பார்த்ததில்லை. அப்படிப்பட்ட வீடுகள் ஒன்றிரண்டு அல்ல. இந்த ஊரே நினைவுகளை விட்டுவிட்டு வந்து குடியேறிய ஊர். வந்தபின் சேர்த்ததையாவது வைத்துக்கொள்ளவேண்டாமா?

காவடி நாளைச் சொல்கிறேன், ஏனென்றால் கைபேசி வைத்திருக்கிற எல்லோரும் எடுக்கிற படம் அதுதான், அதனால் ஒளிப்படக்காரர் எதற்கு என்று கேட்பதற்கு உங்களுக்கு வசதியான நாளும் அதுதான்.

தைப்பூசம் எங்களுக்கு உச்சி வெயில் காலத்தில் வரும். ஜனவரியோ பிப்ரவரியோ, டர்பன் புழுக்கத்தில் சட்டை காலை ஆறு மணிக்கே முதுகில் ஒட்டும். கிளேர்வுட் சிவசுப்பிரமணியர் கோவிலில் விடிவதற்கு முன்பே போய் நிற்கவேண்டும். செருப்பைக் காரிலேயே விட்டுவிடுவேன். பத்து மணிக்கு மேல் தார் ரோடு காலைச் சுடும். யாராவது ஒரு புண்ணியவான் குழாய் வைத்துத் தண்ணீர் அடித்துக்கொண்டே வருவார், அந்த ஈரத்தைத் தேடித் தேடிக் கால் வைப்பேன். கொடியேற்றத்திலிருந்து பத்து நாள் விரதம் இருந்த பையன் அலகு குத்திக்கொள்ள உட்காரும் நேரம் இருக்கிறதே, அப்போது ஃபிளாஷ் அடிக்கக்கூடாது. அடித்தால் அவன் கண் திறந்துவிடும், சாமி கலைந்துவிடும் என்று அவன் அம்மா நம்மைப் பார்க்கிற பார்வை வாழ்நாளுக்கும் போதும். வெளிச்சம் போதாத நேரத்துக்கு அந்தக் காலத்தில் ட்ரை-எக்ஸ் 400 பிலிமை, வெளிச்சம் பிடிக்கும் வேகம் 1600 என்று வைத்து எடுத்து, டெவலப்பரில் கூடுதல் நேரம் ஊறவிடுவோம். படத்தில் மணல் தூவினதுபோல் புள்ளி தெரியும். கற்பூரப் புகையோடு அது சேர்ந்தால் எனக்குப் பிடிக்கும், அப்போதைய ஆசிரியருக்குப் பிடிக்காது.

வெளியிலிருந்து வருகிறவர்கள் நாக்கில் குத்திய வேலையும் முதுகில் தொங்கும் எலுமிச்சம்பழத்தையும் எடுத்துக்கொண்டு பதினொரு மணிக்குப் போய்விடுவார்கள். அவர்களுடைய படங்கள் நன்றாகத்தான் இருக்கும். நான் இருப்பது அதற்குப் பிறகு. காவடி இறக்கியபின் பையன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பான். தங்கை அவன் பாதத்தைத் தேய்த்துவிடுவாள். பின்னால் அண்டாவில் பருப்புக் குழம்பைக் கிளறிக்கொண்டிருக்கும் ஆன்ட்டிமார் என்னைப் பார்த்ததும் புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு, "எங்களை எதுக்குப்பா எடுக்கிற, போய் சாமியை எடு" என்பார்கள். எடுத்து முடித்ததும் அதே ஆன்ட்டிமார்தான் வாழை இலை போட்டு உட்காரவைத்துச் சோறு போடுவார்கள், அப்போது வரிசையாகப் பெயர் சொல்வார்கள். அந்தப் பெயர்கள் எல்லாம் கீழ்த்தளத்தில் இருக்கின்றன.

2022 ஏப்ரலில் வெள்ளம் வந்ததே, நானூறு பேருக்கு மேல் போன வெள்ளம். அது முடிந்து இரண்டு மாதம் கழித்து ஓர் அம்மா நம் அலுவலக வரவேற்பறையில் வந்து உட்கார்ந்திருந்தார். சரிவில் இருந்த அவர் வீட்டின் பின்பாதியை மண் கொண்டுபோய்விட்டது. பீரோவும் ஆல்பமும் அந்தப் பாதியில் இருந்தன. கணவர் காலமாகிப் பல வருடம். முகம் மறந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது என்றார். கிளேர்வுட்டில் காவடி எடுத்தபோது பத்திரிகையில் படம் வந்தது, மகன் அப்போது ஒன்றாம் வகுப்பு, அவ்வளவுதான் அவருக்கு நினைவு. மகன் வயதை வைத்து வருடத்தைக் கணக்குப் போட்டேன். கீழே போய் 1996 அலமாரியைத் திறந்து, பிப்ரவரி உறைகளை எடுத்து, பெயர்த் தாள்களைப் புரட்டினேன். இருபது நிமிடம் ஆகியிருக்கும். மூன்றாவது சுருளில் பதினேழாவது படம். காவடி தோளில் இல்லாமல், கீழே வைத்துவிட்டு, டம்ளரில் தண்ணீர் குடித்துக்கொண்டு, அவர் யாரையோ பார்த்துச் சிரிக்கிறார். பத்திரிகையில் வந்தது வேறு படம். இது வராத படம். "என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்" என்றார் அந்த அம்மா.

அந்த மாதம் மட்டும் இப்படிப் பதினோரு பேருக்குப் படம் தேடிக் கொடுத்தேன். யாரிடமும் ஒரு ராண்ட் வாங்கவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை, நான் மாத அறிக்கையில் போடவில்லை. போட்டிருக்கவேண்டும். அது என் தப்பு.

இன்னொன்று. 2000 மார்ச் 24, சாட்ஸ்வொர்த்தில் த்ராப் இரவு விடுதி. பள்ளி விடுமுறை தொடங்குகிற நாள், பகல் நேர டிஸ்கோவுக்குப் போன பிள்ளைகள். உள்ளே கண்ணீர்ப்புகை வீசப்பட்டு, நெரிசலில் 13 பிள்ளைகள் இறந்தார்கள். அந்த வாரம் நான் எடுத்ததைப் பற்றி எதுவும் எழுதமாட்டேன். அந்த உறைகளும் அங்கேதான் இருக்கின்றன, கயிறு கட்டித் தனியாக வைத்திருக்கிறேன். அதைக் குப்பை லாரிக்காரர் கையில் கொடுக்கப்போகிறீர்களா என்று மட்டும் கேட்கிறேன்.

இனி வாட்ஸ்அப். கைபேசிக்கு நான் எதிரி அல்ல. குழாய் உடைந்த இடத்தில் முதலில் இருப்பவர் அந்தத் தெருக்காரர்தான், அவர் எடுத்தால் எடுக்கட்டும். ஆனால் சென்ற வருடம் கண் ஆபரேஷனுக்காக மூன்று வாரம் நான் விடுப்பில் போனபோது நீங்கள் இதை ஒரு முறை பரீட்சை பார்த்தீர்கள். அதன் முடிவு உங்கள் மின்னஞ்சலில் இல்லை, அதனால் நான் சொல்கிறேன்.

முதல் வாரம், மழையில் மூழ்கிய பாலம் என்று முன்பக்கத்தில் ஒரு படம். நம் ஊர்ப் பாலம் என்று கீழே எழுதியிருந்தது. ஒரு பெரியவர் தொலைபேசியில் கூப்பிட்டு, "தம்பி, அந்தக் காருக்கெல்லாம் ஸ்டியரிங் இடது பக்கம் இருக்குதே, எப்பலேர்ந்து?" என்று கேட்டார். வேறு ஏதோ நாட்டுப் பாலம். அடுத்த வாரம், பள்ளி விளையாட்டு விழா. பதினோரு பிள்ளைகள், ஒரு பெயர் இல்லை, "மகிழ்ச்சியில் மாணவர்கள்" என்று ஒரு குறிப்பு. அதில் ஒரு பிள்ளையின் அப்பா அம்மா பிரிந்தவர்கள், எந்தப் பள்ளி என்று அப்பாவுக்குத் தெரியக்கூடாது என்று நீதிமன்ற உத்தரவே இருந்தது. நான் போயிருந்தால் வகுப்பாசிரியையிடம் முதலில் கேட்டிருப்பேன், யாரை எடுக்கக்கூடாது என்று. எப்போதும் ஒரு பிள்ளை இருக்கும். பிள்ளைகள் விஷயத்தில் தனிக் கவனம் வேண்டும் என்று பத்திரிகை மன்றத்தின் நெறிமுறையே சொல்கிறது. 2021 ஜூலையிலிருந்து தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் முழுதாக நடைமுறையில் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் படம் வந்து விழும்போது அந்தக் கேள்வியை யார் கேட்பது?

மூன்றாவது வாரம், நெடுஞ்சாலை விபத்து. போர்வை போர்த்தியிருந்தது, ஆனால் வெளியே ஒரு ஷூ தெரிந்தது. நம் முகநூல் பக்கத்தில் அது ஏறிய அரை மணி நேரத்தில் ஒரு தாய் அந்த ஷூவை அடையாளம் கண்டார். போலீஸ் அவர் வீட்டுக் கதவைத் தட்டியது அதற்குப் பிறகு. நான் விபத்து இடத்தில் நிற்கும்போது முதல் பத்து நிமிடம் கேமராவைப் பையிலிருந்து எடுப்பதில்லை. யார் பார்க்கிறார்கள், வீட்டார் வந்துவிட்டார்களா, என்ன தெரிகிறது, என்ன தெரியக்கூடாது என்று பார்ப்பேன். அந்தப் பத்து நிமிடத்துக்கும் சேர்த்துத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தீர்கள்.

2021 ஜூலைக் கலவரத்தைப் பற்றியும் சொல்லாமல் விடமுடியாது. டர்பனுக்கு வடக்கே, நம்மைப்போல் இந்தியர் அதிகம் வாழும் ஃபீனிக்ஸில் 36 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் பக்கத்துக் குடியிருப்புகளைச் சேர்ந்த கறுப்பின மக்கள். அந்த நாட்களில் என் கைபேசிக்கே எத்தனை வீடியோ வந்தது என்று எனக்குத் தெரியும். பஸ் பஸ்ஸாக ஆள் வருகிறார்கள், அந்தத் தெருவில் நுழைந்துவிட்டார்கள் என்று. நான் போய்ப் பார்த்தபோது அந்தத் தெருவில் ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது. பயத்தை அனுப்பியதும் வளர்த்ததும் கைபேசிகள்தான், என் கைபேசியும் சேர்த்து, நானும் ஒன்றைத் தங்கைக்கு அனுப்பியிருக்கிறேன். பிறகு அந்தப் பக்கத்துக் குடியிருப்புகளான அமாவோட்டியிலும் பம்பாயியிலும் துக்க வீடுகளுக்குப் போய், இறந்தவர்கள் பெயரை அவர்கள் வீட்டார் கையாலேயே என் நோட்டில் எழுதி வாங்கினேன். ஒரு ஜூலுப் பெயரை நாம் கேட்காமல் காதில் விழுந்தபடி எழுதினால், கப்பல் பதிவேட்டுக்காரனுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? வாட்ஸ்அப்பில் வரும் படம் அந்த வீட்டுக்குப் போகுமா, உட்காருமா, நோட்டை நீட்டுமா?

சரி, அலமாரிகளுக்குத் திரும்புவோம். இடம் தேவை, வாடகை ஏறிவிட்டது என்கிறீர்கள். புரிகிறது. பிலிமும் அங்கே நன்றாக இல்லை என்பதையும் நானே சொல்கிறேன். இரண்டு அலமாரிகளைத் திறந்தால் வினிகர் வாடை வருகிறது. அசிட்டேட் பிலிம் ஈரத்திலும் சூட்டிலும் கெடத் தொடங்கினால் வருகிற வாடை அது. ஒரு சுருள் கெட்டால் பக்கத்துச் சுருளையும் சீக்கிரம் கெடுக்கும். டர்பன் ஈரக்காற்று அதற்கு நல்ல தீனி. ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை என் காசில் வாங்கிப் போட்டுப் பார்க்கிறேன், அது போதாது. குளிர்ச்சியான, ஈரமில்லாத அறை வேண்டும், கெட்டதை நல்லதிலிருந்து பிரிக்கவேண்டும், ஸ்கேன் செய்யவேண்டும். 2004-க்குப் பிந்திய டிஜிட்டல் படங்கள் இன்னும் மோசம். சிடிகளில் பல திறக்கவே இல்லை. இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று செத்துவிட்டது. பழைய பிலிமாவது வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் முகம் காட்டும்.

சட்டத்தையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். 1978-ஆம் ஆண்டின் 98-ஆம் எண் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 21. பத்திரிகை ஊழியர் வேலையின் பகுதியாகப் பத்திரிகைக்காக எடுத்த படத்தில், பத்திரிகைகளில் வெளியிடும் உரிமை உரிமையாளருக்கு. மற்ற எல்லா வகையிலும், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, உரிமை எடுத்தவருக்கு. பிலிம் வாங்கியது உங்கள் காசில், அதை மறுக்கவில்லை. ஆனால் எனக்கும், எனக்கு முன் இருந்தவர்களுக்கும், காலமான ஒருவரின் பிள்ளைகளுக்கும் அதில் பங்கு இருக்கிறது. எங்களைக் கேட்காமல் அதைக் குப்பை என்று முடிவு செய்வது சரியில்லை. ஒளிப்படக்காரர் சாம் ந்ஸிமா 1976 ஜூன் 16 அன்று சொவெட்டோ மாணவர் போராட்டத்தில், சுடப்பட்ட சிறுவன் ஹெக்டர் பீட்டர்சனைத் தூக்கிக்கொண்டு ஓடுவதை எடுத்த படத்தை உலகமே அறியும், பிலிமைக் காலுறைக்குள் ஒளித்துக் காப்பாற்றினார். அந்தப் படத்தின் உரிமை அவர் கைக்கு வந்தது 1998-இல். நான் எடுத்தது அந்த மாதிரிப் படங்கள் அல்ல. பச்சை மிளகாயும் காசோலையும்தான். சட்டம் அதைப் பார்த்து வேறுபாடு காட்டுவதில்லை.

நம் டர்பன்காரர் ரஞ்சித் கல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். இசிபிங்கோவில் பிறந்து, செருப்புத் தொழிற்சாலையில் வேலை செய்துவிட்டு, டிரம் இதழுக்காக, நோபல் அமைதிப் பரிசு பெற்ற தலைவர் லுத்துலியிலிருந்து சாதாரணத் தெருக்காரர்வரை எடுத்தவர். அவருடைய முதல் தனிக் கண்காட்சி 2004-இல், எண்பதை நெருங்கும்போதுதான் நடந்தது. 2017-இல் போய்விட்டார். அத்தனை காலம் கழித்துக் காட்ட ஏதாவது இருந்ததென்றால், யாரோ நெகட்டிவ்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததால்தான்.

இப்போது நான் கேட்பது.

முதலில், கீழ்த்தளத்தைக் காலி செய்யும் வேலையை உடனே நிறுத்துங்கள். நிறுத்தியாகிவிட்டது என்று எழுத்தில் சொல்லுங்கள். வாய்ச்சொல் வேண்டாம்.

பிறகு, ஒன்பது அலமாரியில் உள்ளதையும், உறை, பெயர்த் தாள், அசைன்மென்ட் டைரிகள், உயிரோடு இருக்கிற ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றோடும் பிரிக்காமல் ஒரே தொகுப்பாக டர்பனிலேயே ஒரு பொது ஆவணக் காப்பகத்துக்கு ஒப்படைக்க ஒத்துக்கொள்ளுங்கள். கிரேவில்லில் 1860 பாரம்பரிய மையம் இருக்கிறது. குவாஸுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தில் காந்தி-லுத்துலி ஆவண மையம் இருக்கிறது. அவர்களிடம் நீங்கள் அதிகாரபூர்வமாகக் கேளுங்கள், நான் கேட்டால் ஒரு தனி மனிதன் கேட்டதாகத்தான் இருக்கும். பெயர்த் தாள்களில் என் கிறுக்கல் எழுத்தை வாசிக்க ஆள் வேண்டுமென்றால் நான் சம்பளமில்லாமல் வருகிறேன். வாரத்துக்கு இரண்டு நாள், மூச்சு இருக்கும்வரை. படம் எடுத்த மூவரின் உரிமையும் அந்த ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதப்படவேண்டும். தங்கள் வீட்டுப் படத்தைத் தேடி வருகிற குடும்பத்துக்கு ஒரு பிரதி இலவசம் என்பதும் எழுதப்படவேண்டும்.

ஒளிப்படக்காரர் வேலையை முழுசாக எடுக்காதீர்கள். எனக்காகக் கேட்கவில்லை, நான் போகிறேன். ஒரே ஓர் இளைஞரை, ஆணோ பெண்ணோ, அரைச் சம்பளத்துக்காவது வையுங்கள். பெட்ரோல் காசை மாதா மாதம் கொடுங்கள். நான் ஆறு மாதம் கூடவே சுற்றிச் சொல்லிக்கொடுக்கிறேன், எந்தக் கோவிலில் எந்தப் பக்கம் வெளிச்சம் விழும், எந்தப் பள்ளி முதல்வர் கோபக்காரர், எல்லாம்.

வாசகர் படம் போடுவதென்றால் போடுங்கள், ஆனால் அனுப்பியவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, எங்கே, எப்போது, யார் யார் என்று கேட்காமல் ஒரு படமும் ஏறக்கூடாது. பிள்ளைகள் இருந்தால் பள்ளியையும் பெற்றோரையும் கேளுங்கள். விபத்து என்றால் வீட்டாருக்குத் தெரிந்தபின்தான். இதை ஒரு பக்கத்தில் எழுதி, பத்திரிகையின் இரண்டாம் பக்கத்தில் வாசகர்கள் பார்க்கும்படி அச்சிடுங்கள்.

கடைசியாக, இந்த மாதம் முடிவதற்குள் சாட்ஸ்வொர்த்தில் ஏதாவது ஒரு கோவில் மண்டபத்தில் வாசகர்களை நேரில் சந்தியுங்கள். தேதியை நீங்கள் சொல்லுங்கள். மண்டபத்தை நான் பேசி வைக்கிறேன், ஆன்ட்டிமார் சாப்பாடு பார்த்துக்கொள்வார்கள்.

அறைச் சாவியை 30-ஆம் தேதி ஒப்படைக்கச் சொல்லி மனிதவளத் துறையிலிருந்து நேற்று குறுஞ்செய்தி வந்தது. முதல் இரண்டு கோரிக்கைகளுக்கும் கையெழுத்திட்ட பதில் கிடைத்த அன்றே சாவியைக் கொண்டுவந்து தருகிறேன்.

உங்கள் பத்திரிகையின் ஒளிப்படக்காரன்,
சாட்ஸ்வொர்த், டர்பன்